விண்வழி ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு மலைப் பாதையில் செல்லும் பஸ்ஸில், காற்றடைத்து ஒட்டப்பட்ட தின்பண்டப் பொட்டலம் ஒன்று மேலே ஏற ஏறத் தலையணைபோல் உப்பிவருவதைப் பலரும் பார்த்திருப்பர். அப்பொட்டலத்தினுள் எவரும் புதிதாகக் காற்றை ஊதவில்லை. உள்ளிருந்த காற்று உள்ளபடியே இருக்கிறது. வெளியிலிருந்து அதை அமுக்கிக்கொண்டிருந்த வளிமண்டலத்தின் அழுத்தமே குறைந்துவிட்டது. கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரச அளவாக இருக்கும் காற்றழுத்தம், சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் ஏறத்தாழ 580 மில்லிமீட்டரே ஆகும்.

பொட்டலத்தின் இடத்தில் ஒரு மனிதனுடைய மார்பை வைத்து எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். சாலை விபத்தில் ஒருவனுக்கு விலா எலும்பு முறிந்து, நுரையீரல் கிழிந்து, அதிலிருந்து கசிந்த காற்று வெளியேற வழியின்றி மார்புக் கூட்டினுள் தங்கியிருக்கிறது. தரையில் கிடக்கும்வரை அவன் ஒருவாறு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். அவனைக் காப்பதற்கென்று வந்த விமானம் மேலே எழும்பியதும், தேங்கிய காற்று விரிந்து நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கத் தொடங்குகிறது. உயிரைக் காக்க வந்த வாகனமே உயிருக்கு உலை வைத்துவிடக்கூடும். இதை முன்னதாகவே உணர்ந்து, விமானம் தரையை விட்டுக் கிளம்புமுன் அக்காற்றை வெளியேற்ற வழி செய்யவேண்டியவர்களுள் ஒருவரே ‘பாராமெடிக்’ என வழங்கும் மருத்துவ உதவியாளர். தரையில் ஆம்புலன்ஸ் வண்டியில் பணி புரியும் ஒருவர் விண்ணில் பணி புரியத் தகுதி பெறுவது எங்ஙனம் என்பதும், அத்தகுதி ஏன் எளிதில் வழங்கப்படுவதில்லை என்பதும் அறியத்தக்க செய்திகளாகும்.

தூக்கிச் செல்லுதலும் சிகிச்சை செய்தலும்

நோயாளரை வான்வழியே கொண்டுசெல்லும் முறை நெடுங்காலம் போக்குவரத்தாகவே இருந்தது. பயணத்தின்போது சிகிச்சை அளிப்பது பின்னர் வந்த வளர்ச்சியாகும். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைநிலங்களில் வைத்தியரின்றி மாண்ட குடியானவர்களின் நிலை கண்டு, ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் தோற்றுவித்த பறக்கும் டாக்டர் சேவை, 1928 மே 17-ஆம் நாள் குயின்ஸ்லாந்திலுள்ள குளோன்கரி என்ற ஊரிலிருந்து தன் முதற் பயணத்தை மேற்கொண்டது. அவ்விமானம் டாக்டரை நோயாளியிடம் கொண்டுசேர்த்தது. 1929-இல் ஆல்ஃபிரட் டிரேகர் அமைத்த, காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் ரேடியோ கருவி, தொலைவிலிருந்த பண்ணைகள் உதவி கோருவதற்கு வழி வகுத்தது.

ஹெலிகாப்டரின் வரலாற்றில் முதன்மையான ஒரு நிகழ்ச்சி இந்திய எல்லையை அடுத்தே நடைபெற்றது. 1944 ஏப்ரலில் அமெரிக்க விமானி கார்ட்டர் ஹார்மன், அஸ்ஸாமின் லாலாகாட் தளத்திலிருந்து சிக்கோர்ஸ்கி ஹெலிகாப்டர் ஒன்றைப் பர்மாவினுள் ஓட்டிச் சென்று, ஜப்பானியப் படைகளின் பின்னணியில் சிக்கியிருந்த விமானி ஒருவரையும் பிரிட்டிஷ் சிப்பாய்கள் மூவரையும் மீட்டார். அந்த இயந்திரத்தில் ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் ஏற்ற முடிந்தது. வெப்பத்தால் என்ஜின் சூடேறியதால் இடையிடையே ஓய்வு கொடுக்கவும் நேர்ந்தது.

கொரியப் போரின்போது ஹெலிகாப்டர்கள் காயமுற்றோரைப் பெருந்தொகையில் சுமந்து சென்றன. எனினும் அப்போது பெரிதும் பயன்பட்ட சிறு ஹெலிகாப்டர்களில், நோயாளியைக் கிடத்திய தூக்குக்கட்டில் இயந்திரத்தின் வெளிப்புறத்திலேயே பிணைக்கப்பட்டது. வழியில் அவருக்கு ரத்தம் பெருகினாலும் மூச்சு அடைத்தாலும் கை நீட்டி உதவ ஒருவரும் இல்லை. அதே போரில் இந்தியாவின் 60-ஆவது பாராசூட் கள ஆம்புலன்ஸ் பிரிவு, லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் பணி ஆற்றியது. 1941-இல் இந்தியப் படையில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்தவர்களுள் ஒருவரான இந்த டாக்டர், 1951 மார்ச்சில் முன்சான்-நி என்னுமிடத்தில் அமெரிக்க வான்குடைப் படையினருடன் தம் குழுவினரையும் இறக்கி, போர்க்களத்திலேயே சிகிச்சை அளித்தார். நோயாளியைச் சிகிச்சையிடம் கொண்டுசெல்வது ஒரு வழி. சிகிச்சையை நோயாளியிடம் கொண்டுசெல்வது மற்றொரு வழி. வியத்நாம் போரில் பயன்பட்ட பெரிய ஹெலிகாப்டர்களில் நோயாளியை உள்ளேயே கிடத்தி, அருகில் ஒரு மருத்துவச் சிப்பாயை அமர்த்த இடம் கிடைத்தபோது இவ்விரு வழிகளும் ஒன்றாயின. விமான மருத்துவ உதவியாளர் என்ற தொழிலின் தோற்றம் அவ்விருக்கையில்தான் எனலாம்.

பின்னர் இம்முறை பொதுமக்களுக்கும் வந்தது. 1970-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலப் போலீஸ் துறையும், ஜெர்மனியில் மியூனிக் நகரின் ‘கிறிஸ்டோஃப் 1’ என்ற ஹெலிகாப்டரும் இப்பணியைத் தொடங்கின. 1972-இல் டென்வர் நகர ஆஸ்பத்திரி ஒன்று தனக்கென ஒரு ஹெலிகாப்டரை அமைத்துக்கொண்டது. லண்டனில் 1989 முதல் டாக்டர் ஒருவரும் மருத்துவ உதவியாளர் ஒருவரும் இணைந்து பறக்கும் முறை நடைபெறுகிறது. ஆஸ்திரேலியாவின் பறக்கும் டாக்டர் சேவையில், பிரசவ சிகிச்சையிலும் தேர்ச்சி பெற்ற நர்ஸுகள் பல பயணங்களில் டாக்டரின் துணையின்றியே நோயாளரைக் கவனித்து வருகின்றனர்.

உயரத்தில் உடல் படும் பாடு

இத்தொழிலுக்கு வருவோர் முதலில் கற்கவேண்டிய பாடம் பௌதிக சாஸ்திரத்தைச் சார்ந்ததாகும். வெப்பநிலை மாறாதிருக்க, அழுத்தம் குறைந்தால் வாயுவின் பருமன் அதே விகிதத்தில் பெருகும் என்பது 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. அழுத்தப்படுத்தப்பட்ட விமான அறையிலும் கடல் மட்டத்து அழுத்தம் இருப்பதில்லை. பெரும்பாலும் 8,000 அடி, அதாவது சுமார் 2,440 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் வரையில் அது குறையக்கூடும். அது ஏறத்தாழ 565 மில்லிமீட்டர். தரையில் மார்பினுள் தேங்கிய காற்று 500 மில்லி லிட்டராயின், மேலே அது 500 × 760 ÷ 565, அதாவது சுமார் 673 மில்லி லிட்டராகப் பெருகும். உடலினுள்ளே நீராவியும் கலந்திருப்பதால் உண்மையில் இன்னும் சற்றுக் கூடும்.

காற்று அடைபட்டிருக்கும் ஒவ்வோர் இடமும் இவ்விதிக்கு உட்பட்டது. அடைப்பு நேர்ந்த குடல் உப்பும். முறிந்த காலைச் சுற்றிய காற்றுப் பட்டை இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். மூச்சுக் குழலில் செருகிய குழாயைச் சூழ்ந்திருக்கும் சிறு காற்றுப் பை விரிந்து, மென்மையான சவ்வை நசுக்கும். ஆதலின் மருத்துவ உதவியாளர் ஏறும்போதும் இறங்கும்போதும் அப்பையின் அழுத்தத்தை அளந்து சரிசெய்கிறார். சில நோயாளருக்காக, விமான அறையில் கடல் மட்டத்தை ஒட்டிய அழுத்தத்தை நிலைநிறுத்துமாறு விமானியைக் கேட்பதும் உண்டு. அதற்காக விமானம் தாழப் பறக்கவேண்டியிருக்கும், எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். ஹெலிகாப்டரிலோ அழுத்தப்படுத்தும் ஏற்பாடே இல்லை.

இரண்டாவது பாடம் பிராணவாயுவைப் பற்றியது. எந்த உயரத்திலும் காற்றில் அதன் பங்கு 21 சதவிகிதமே. ஆனால் மொத்த அழுத்தம் குறைவதால் அதன் தனி அழுத்தமும் குறைகிறது. கடல் மட்டத்தில் சுமார் 159 மில்லிமீட்டராக உள்ள அது, 8,000 அடியில் 118 ஆகிறது. ஆரோக்கியமானவர் இதைப் பொறுத்துக்கொள்வர். ரத்தம் இழந்தவரும் நுரையீரல் நோய் கண்டவரும் பொறுக்கமாட்டார்.

இக்குறைவு அறிவையே முதலில் மயக்கிவிடும் என்பதற்கு 1875 ஏப்ரல் 15-ஆம் நாள் பிரான்ஸில் நிகழ்ந்த விபத்து சான்றாகும். ‘ஸெனித்’ என்ற பலூனில் மூன்று விஞ்ஞானிகள் 8,000 மீட்டருக்கு மேல் ஏறினர். பிராணவாயு நிரம்பிய பைகள் அவர்களுடன் இருந்தன. அவற்றை வாயில் வைக்கவேண்டிய நேரம் வந்தபோது கைகள் செயலற்றுவிட்டன. மூவருள் இருவர் மாண்டனர். திஸாந்தியே ஒருவரே உயிர் தப்பினார். பராமரிக்கும் மருத்துவ உதவியாளரும் நோயாளி சுவாசிக்கும் அதே காற்றையே சுவாசிக்கிறார் என்பதும், தம் அறிவு மங்குவதைத் தாமே உணர்வது அரிது என்பதும் இதனால் பெறப்படும் பாடங்கள்.

எஞ்சியவை அனுபவத்தால் வருபவை. ஹெலிகாப்டரின் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப்பு பயனற்றுப்போகிறது. காதால் அறிந்ததையெல்லாம் கண்ணால் அறியவேண்டும்: மார்பு எழுந்து தாழ்கிறதா, உதடு நீலம் பாரிக்கிறதா, வெளிமூச்சிலுள்ள கரியமிலவாயுவைக் காட்டும் கருவியின் கோடு சீராக ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். அதிர்வினால் ரத்த அழுத்தம் காட்டும் கருவி பொய் கூறக்கூடும். 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி சென்டிகிரேட் வீதம் வெளியே குளிர் ஏறுகிறது. உடல் குளிர்ந்தால் ரத்தம் உறையும் தன்மை குன்றுமாதலால், காயமுற்றவரைப் போர்த்திக் காப்பதும் ரத்தப்போக்கை நிறுத்தும் சிகிச்சையின் பகுதியே.

கணக்கும் கைத்திறனும்

அமெரிக்காவில் இப்பணிக்கு வருவோர் முதலில் மருத்துவ உதவியாளராகப் பயின்று உரிமம் பெறுகின்றனர். அதன் பின் நெருக்கடி மிகுந்த தரை ஆம்புலன்ஸ் சேவையில் குறைந்தது 3 ஆண்டுகளேனும் உழைத்திருக்கவேண்டும் என்பது பொதுவாக எதிர்பார்க்கப்படுகிறது. விமானத்தில் ஒருவருக்கு ஐயம் தோன்றினால் ஆலோசனை கேட்க அடுத்த அறையில் மூத்தவர் இருக்கமாட்டார். ஆகவே, முதல் தவறுகளைத் தரையிலேயே, பிறர் திருத்தக்கூடிய இடத்திலேயே செய்து முடித்திருக்கவேண்டும் என்பதே இந்நிபந்தனையின் உட்பொருள். பின்னர் விமான மருத்துவத்துக்கென உள்ள தனித் தேர்வை எழுதுகின்றனர். அத்தகுதியும் வாழ்நாள் முழுதும் செல்வதன்று; 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். செயற்கைச் சுவாச யந்திரத்தை இயக்குதல், நாடிக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் பம்புகளைக் கையாளுதல், குறுகிய இடத்தில் மண்டியிட்டபடியே மூச்சுக் குழாய் செருகுதல் ஆகியவை பயிற்சியில் அடங்கும். கடல் மீது பறப்போருக்கு, நீரில் கவிழ்க்கப்பட்ட மாதிரி அறையிலிருந்து தப்பி வெளிவரும் பயிற்சியும் உண்டு.

இத்தொழிலில் கணக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பிராணவாயு சிலிண்டர் ஒன்றைக் கொண்டே விளக்கலாம். 2 லிட்டர் நீர் கொள்ளும் சிலிண்டரில் 150 மடங்கு அழுத்தத்தில் வாயு நிரப்பப்பட்டால், அதில் ஏறத்தாழ 300 லிட்டர் பிராணவாயு உண்டு. நிமிஷத்துக்கு 15 லிட்டர் தேவைப்படும் நோயாளிக்கு அது 20 நிமிஷம் போதும். பயணமோ 25 நிமிஷம். கண்ணுக்கு நிறைந்த சிலிண்டராகத் தோன்றினும், ஆஸ்பத்திரியை அடைவதற்கு 5 நிமிஷம் முன்பே அது வெறுமையாகிவிடும். மேலும் ஏற்றும் நேரம், இறக்கும் நேரம், மேகத்தினால் வேறிடத்துக்குத் திரும்ப நேர்ந்தால் ஆகும் நேரம் ஆகியவற்றையும் கூட்டவேண்டும். கூடுதலாக ஒரு சிலிண்டர் ஏற்றலாமெனில், உயரமான இடத்தில் மெலிந்த காற்றில் ஹெலிகாப்டர் தூக்கக்கூடிய எடைக்கு வரம்பு உண்டு. ஆகவே உதவியாளர் தம் உடல் எடையையும் கருவிகளின் எடையையும் கிலோ கணக்கில் கூறக் கடமைப்பட்டவர்.

‘வேண்டாம்’ எனும் உரிமை

இத்தொழிலின் மிகக் கடினமான பாடம் புறப்படாதிருக்கக் கற்பதே. எங்கோ ஒரு குழந்தை மூச்சுத் திணறுகிறது எனக் கேட்ட எவருக்கும், மூடுபனியைப் பொருட்படுத்தாது கிளம்பத் தோன்றும். அந்த இரக்கமே விபத்துக்குக் காரணமாகக் கூடுமென்று கருதி, பல சேவைகளில் நோயாளியின் வயதையும் நோயின் தன்மையையும் விமானிக்குத் தெரிவிப்பதில்லை. புறப்படும் இடம், சேரும் இடம், வானிலை, எடை ஆகியவற்றை மட்டும் கொண்டு அவர் முடிவு செய்கிறார். மேலும், அமெரிக்கச் சேவைகளில் விமானி, நர்ஸ், மருத்துவ உதவியாளர் ஆகிய மூவரும் சம்மதித்தால்தான் பயணம். மூவருள் ஒருவர், அவர் இளையவராயினும், மறுத்தால் பயணம் இல்லை என்ற மரபு வழங்குகிறது. 2008-இல் அந்நாட்டில் மருத்துவ ஹெலிகாப்டர்கள் பலமுறை விபத்துக்குள்ளாகிப் பலர் மாண்டதையடுத்து, 2009 பிப்ரவரியில் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 4 நாட்கள் பகிரங்க விசாரணை நடத்தியது.

வேகம் ஒன்றே பயன் தருவதன்று என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஹெலிகாப்டரை ஆயத்தம் செய்து, பறந்து சென்று, இறங்கி, நோயாளியை ஏற்றி, மீண்டும் எழும்புவதற்குள் குறுகிய தூரத்தில் தரை ஆம்புலன்ஸே ஆஸ்பத்திரியை அடைந்துவிடலாம். மலையும் ஆறும் குறுக்கிடும் இடத்திலும், தூரம் மிக அதிகமான இடத்திலுமே விண்வழி சிறக்கிறது.

இந்தியாவில்

இந்தியாவில் அவசர ஆம்புலன்ஸ் சேவை விரிவடைந்ததன் ஒரு மைல்கல், 2005-இல் ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கிய 108 சேவை. அதில் பணிபுரியும் அவசர மருத்துவ நிபுணர்களே பெரும்பாலோருக்கு இத்தொழிலின் அறிமுகம் ஆவர். 2021-இல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், இத்தகைய தொழில்களின் கல்விக்கும் பதிவுக்கும் பொதுவான அளவுகோல் வகுத்தது. அச்சட்டத்தின்படி துணை மருத்துவத் தொழிலர் ஒருவரின் படிப்பு 2,000 மணி நேரத்துக்குக் குறையலாகாது. விஞ்ஞானப் பாடங்களுடன் பள்ளி இறுதி வகுப்பு முடித்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பட்டமோ, நர்ஸிங் பட்டமோ பெற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுபவம் அடைந்தோர் விமான ஆம்புலன்ஸ் பணிக்கு வருகின்றனர். இந்நாட்டில் பெரும்பாலும் டாக்டர் ஒருவரும், அவருக்குத் துணையாக நர்ஸ் அல்லது மருத்துவ உதவியாளர் ஒருவரும் சேர்ந்தே பறக்கின்றனர்.

2024 அக்டோபர் 29-ஆம் நாள், ரிஷிகேசத்திலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் ‘சஞ்சீவனி’ என்னும் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கிவைக்கப்பட்டது. உத்தராகண்டின் மலைக் கிராமங்களிலிருந்து சாலை வழியே பல மணி நேரம் ஆகும் பயணத்தை நிமிஷக் கணக்கில் சுருக்குவது இதன் நோக்கம். 2025 மே 17-ஆம் நாள், நோயாளி ஒருவரை ஏற்றிவரச் சென்ற அந்த ஹெலிகாப்டர், கேதார்நாத்தில் இறங்கும்போது வால் பகுதி முறிந்து சேதமுற்றது. உள்ளிருந்த மூவரும் உயிர் தப்பினர். கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடல் மட்டத்தினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. நோயாளிக்குப் பிராணவாயுவைக் குறைக்கும் அதே மெலிந்த காற்று, சுழல் இறக்கைகளின் தூக்கும் வலிமையையும் குறைக்கிறது.

தரையில் இருப்போர் அறியவேண்டியவை

வெள்ளம், நிலச்சரிவு முதலிய காலங்களில் ஹெலிகாப்டரை வரவேற்கும் பொறுப்பு பெரும்பாலும் களப் பணியாளரையும், பள்ளி மைதானத்தையுடைய ஆசிரியரையுமே சேர்கிறது. சுமார் 30 மீட்டர் நீளமும் அகலமும் உள்ள, சரிவற்ற, உறுதியான நிலம் வேண்டும். அருகில் மின்கம்பியோ மரமோ இருந்தால் முன்கூட்டியே தெரிவித்தல் அவசியம். விமானிக்கு மேலிருந்து கம்பி தெரிவதில்லை. தார்ப்பாய், துணி, தகரம் முதலிய பறக்கக்கூடிய பொருள்களை அகற்றிவிடவேண்டும். விமானி சைகை காட்டும்வரை எவரும் நெருங்கலாகாது. நெருங்குங்கால் முன்புறமாக, விமானியின் பார்வையில் படும்படி, குனிந்து செல்லவேண்டும். வால் பக்கம் ஒருபோதும் போகலாகாது. நிலம் சரிவாக இருப்பின், மேட்டுப் பக்கத்தில் சுழல் இறக்கை தலைக்கு மிக அண்மையில் வருமாதலால், பள்ளத்துப் பக்கமாகவே அணுகவேண்டும். மருந்துப் புட்டி தொங்கும் கழியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தல் ஆகாது.

வகுப்பறையில் பாயில் விதியை விளக்க, ஊசி நீக்கிய பெரிய ஸிரிஞ்சு ஒன்று போதும். ரப்பர் கையுறையின் விரல் நுனியில் சிறிது காற்றை அடைத்து முடிச்சிட்டு, அதனை உள்ளே இட்டு, வாயை விரலால் அடைத்துத் தண்டைப் பின்னுக்கு இழுத்தால், முடிச்சிட்ட ரப்பர் உப்பும், விட்டால் சுருங்கும். விபத்தில் அடிபட்டவன் மார்பில் நிகழ்வது இதுவே என்று கூறினால், மாணவர் அவ்விதியை எளிதில் மறவார்.

பயணம் முடிந்து, நோயாளியை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த பின்னரும் மருத்துவ உதவியாளரின் வேலை முடிவதில்லை. ரத்தக் கறை படிந்த தரையைத் துடைக்கிறார். செலவான மருந்துகளைக் கணக்கிட்டு நிரப்புகிறார். வழியில் செய்தவை யாவற்றையும் நேரம் குறித்து எழுதிவைக்கிறார். கடைசியாகப் பிராணவாயு சிலிண்டரின் அளவுமானியைப் பார்க்கிறார். முள் முழு அளவைக் காட்டாவிட்டால் அச்சிலிண்டரை இறக்கி, நிறைந்த ஒன்றை ஏற்றுகிறார். அடுத்த அழைப்பு எப்போது வரும், யாருக்காக வரும் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்கு எத்தனை நிமிஷத்துக்குப் பிராணவாயு இருக்கும் என்பது மட்டும் தெரிந்திருக்கவேண்டும்.